உப்பு வயலில் முதல் செலவு எதற்கு: ரகமா, ஜிப்சமா, தண்ணீரா, நாற்றா?

“முளைச்சதெல்லாம் நல்லாத்தான் முளைச்சுது. மூணாவது இலை விட்டதும் நுனி கருக ஆரம்பிச்சுது. பத்து நாள்ல வயலே கூட்டிப் பெருக்கின மாதிரி ஆயிடுச்சு.”

வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்துக் கடைமடையில் நேரடி விதைப்புச் செய்கிறவர்கள் மழை பிந்தும் வருடங்களில் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கூடவே விதை விற்றவருக்கும் நாலு திட்டு விழும். பாவம், விதைமேல் குற்றமில்லை. நெல் முளைவிடும்போது உப்பை ஓரளவு தாங்கும். இரண்டு மூன்று இலைப் பிஞ்சாக இருக்கும்போது தாங்காது. தூர் கட்டும்போது மறுபடி தாங்கும். கதிர் உருவாவதிலிருந்து பூக்கும்வரை திரும்பவும் தாங்காது. பால் பிடித்துவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஒரே பயிருக்குள் இப்படி ஏறி இறங்கும் தாங்குதிறன் இருப்பதால்தான், “உப்புக்கு எது நல்லது?” என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. விரிவாக்க அலுவலர் ரகத்தை மாற்றச் சொல்வார். உரக்கடையில் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், போடு என்பார்கள். பெரியவர்கள் தண்ணீர் கட்டி வடியவிடு என்பார்கள். முற்றின நாற்றாகப் பார்த்து நடு என்பார் இன்னொருவர். நாலு பேரும் சொல்வது உண்மைதான். ஆனால் நாலுக்கும் செலவு செய்யக் கையில் காசு இருக்காது.

எங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஜிப்சம் வென்றது. கடைக்காரர் சொன்னார், அப்பா வாங்கிப் போட்டார். எங்கள் வயல் கடலோர உவர் நிலம், அதாவது கரையும் உப்பு மிகுந்த மண். அந்த வருடம் விளைச்சலில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அடுத்த வருடம் போடலாம் என்று மிச்சம் வைத்த மூட்டைகள் மாட்டுக்கொட்டகை மூலையில் கிடந்தன. நான் அப்போது தாவர உடலியல் படித்துக்கொண்டிருந்தேன். பாடத்தில் படித்ததை வயலோடு பொருத்திப் பார்க்க எனக்கு அந்த மூட்டைகள் தேவைப்பட்டன.

சோடியம் நெல்லுக்குள் எப்படிப் போகிறது, போனதை நெல் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டால், நாலு யோசனையில் எது எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று பிரிபடும்.

நெல்லுக்குச் சோடியம் தேவையில்லை, பொட்டாசியம்தான் தேவை. செல்லுக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள் பொட்டாசியத்தை நம்பி ஓடுகின்றன. சோடியமும் பொட்டாசியமும் ஒரே மின்சுமை கொண்டவை, தோற்றத்திலும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. அதனால் பொட்டாசியம் நுழைய வைத்திருக்கும் வாசல்களில் சிலவற்றில் சோடியமும் நுழைந்துவிடுகிறது. நுழைந்த சோடியம் நொதிகளில் பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு வேலையை மட்டும் செய்யாமல் உட்கார்ந்துவிடும். எனவே பயிர் பிழைக்குமா என்பதை வேரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைவிட, இளம் இலையில் பொட்டாசியத்துக்கும் சோடியத்துக்கும் உள்ள விகிதம்தான் காட்டிக்கொடுக்கும்.

சோடியத்துக்கு உள்ளே வர இரண்டு வழி. ஒன்று, வேர்ச் செல்களின் சவ்வில் உள்ள கால்வாய்ப் புரதங்கள். இவற்றில் சில, நேர் மின்சுமை கொண்ட எந்த அயனி வந்தாலும் பேதம் பார்க்காமல் விட்டுவிடும். வெளியே கால்சியம் போதுமான அளவு இருந்தால் இந்தக் கால்வாய்கள் பெருமளவு அடைபடும். மண்ணில் பொட்டாசியம் வறண்டுபோனால் நெல்லே வேறொரு புரதத்தின் வழியாகச் சோடியத்தை வலிய உறிஞ்சிக்கொள்வதும் உண்டு.

இரண்டாவது வழி நெல்லுக்கே உரிய பலவீனம். வேரின் உள்ளடுக்கில், செல்லுக்கும் செல்லுக்கும் இடையே காஸ்பேரியன் பட்டை என்ற மெழுகுப்பூச்சு இருக்கிறது. தண்ணீர் செல்லின் சவ்வைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும், இடுக்கில் நழுவக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பக்கவேர் முளைத்து வெளியே வரும் இடங்களில் இந்தப் பூச்சு பிளந்துகொள்கிறது. அந்தப் பிளவு வழியே உப்புத் தண்ணீர் எந்தக் காவலையும் சந்திக்காமல் நேராக மரக்குழாய்க்குள், அதாவது சைலத்துக்குள் போய்விடும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இயோவும் ஃபிளவர்ஸும் 1980களில் சவ்வுக்குள் புக முடியாத ஒரு சாயத்தை வேருக்குக் கொடுத்து இதைக் காட்டினார்கள். சாயம் தண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. எந்த நாற்றில் சாயம் அதிகம் ஏறியதோ அதில் சோடியமும் அதிகம் இருந்தது. கோதுமையைவிட நெல் உப்புக்குச் சீக்கிரம் மடங்குவதற்கு இந்த இடுக்கு ஒழுக்கு ஒரு பெரிய காரணம்.

உள்ளே வந்துவிட்ட சோடியத்தை நெல் நாலு விதமாகச் சமாளிக்கிறது. வேரின் ஓரத்தில் இருக்கும் பம்பு ஒரு பகுதியை மண்ணுக்கே திருப்பித் தள்ளுகிறது. இன்னொரு பகுதி செல்லின் சேமிப்புப் பையான வாக்குவோலுக்குள் பூட்டி வைக்கப்படுகிறது. மூன்றாவதுதான் ஆராய்ச்சியாளர்களின் செல்லப்பிள்ளை. மேலே ஏறிக்கொண்டிருக்கும் சாற்றிலிருந்து சோடியத்தை மட்டும் பிடித்து இழுத்து, சைலத்தைச் சுற்றியுள்ள செல்களுக்குள் திருப்பும் புரதம் ஒன்று இருக்கிறது. வங்காளக் கடற்கரைப் பகுதியின் நோனா போக்ரா என்ற பாரம்பரிய நெல்லிலிருந்து இதற்கான மரபணுவை 2005இல் சீன ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். சாதாரண நெல்லிலும் இதே மரபணு உண்டு. நோனா போக்ராவின் புரதத்தில் நாலு அமினோ அமிலங்கள் மட்டும் வேறு, இழுக்கும் வேகம் அதிகம். கேரளத்துப் பொக்காளி நெல்லிலிருந்து கண்டறிந்த சால்டால் என்ற மரபணுப் பகுதியும் முதல் குரோமோசோமில் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது.

நாலாவது விதம் கொஞ்சம் கொடூரமானது. மேலே போய்விட்ட சோடியத்தைப் பழைய இலைகளிலும் இலையுறையிலும் கொட்டி, அவற்றைச் சாகவிட்டு, குருத்தைக் காப்பாற்றுவது. அடி இலைகள் காய்ந்து குருத்து மட்டும் பச்சையாக நிற்கும் வயலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பயிர் கணக்குப் போட்டு வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். குருத்தும் சுருண்டால்தான் கணக்கு முடிந்துபோயிற்று.

இனி நாலு யோசனைக்கு வரலாம்.

முதலில் ரகம். பணச் செலவு குறைவு என்பதால் எல்லோருக்கும் பிடித்த வழி இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் இதுதான். உப்பைத் தாங்கும் ரகம் என்றால் விதையிலிருந்து அறுவடைவரை தாங்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். சால்டால் பகுதி முக்கியமாக நாற்றுப் பருவத்தில் கைகொடுக்கும். பூக்கும் பருவத்தில் தாங்குவதற்கு வேறு மரபணுக்கள் வேண்டும். நாற்றில் தாங்கிய ரகம் பூக்கும்போதும் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்த நேரத்தில் சோடியம் கதிருக்குள் ஏறினால் மகரந்தம் மலடாகி, வைக்கோல் செழித்து, நெல் பதராகும். நாற்று பிழைத்ததே என்று மார்கழிவரை மகிழ்ந்திருந்துவிட்டு, தூற்றும்போது ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம், எந்த ரகம் எந்த மண்ணுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது. திருச்சி வேளாண் கல்லூரியிலிருந்து வந்த டி.ஆர்.ஒய் வரிசை ரகங்கள் களர் நிலத்தை மனதில் வைத்து உருவானவை. களரில் பிரச்சினை காரத்தன்மையும் இறுகிய மண்ணும் துத்தநாகப் பற்றாக்குறையும். கடலோர உவரில் பிரச்சினை கரைந்து நிற்கும் உப்பு. ஒன்றுக்குத் தேர்ந்த ரகம் மற்றதிலும் சோபிக்கலாம், ஆனால் அதை எழுதிவைத்த சட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது. கோ 43 பழைய ரகம். களர், உவர் இரண்டிலும் ஓரளவு நிற்கும் என்ற பெயர் அதற்கு உண்டு, விதைப்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். பாரம்பரிய ரகங்களில் குழியடிச்சான் எங்கள் பக்கத்து உவருக்குப் பழகிய நெல். களர்பாலை என்ற பெயரே அது எங்கே நிற்கும் என்று சொல்லிவிடும்.

பொக்காளியைக் கொண்டுவந்து போட்டால் என்ன என்று யாராவது ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர்க் கடலோரத்தில் அது வெறும் ரகமாக இல்லை, முழு ஏற்பாடாக இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை வயலின் உப்பைக் கழுவிய பிறகு மேடு கட்டி விதைத்து, அக்டோபர் வாக்கில் அறுத்து, பிறகு கடல்நீரை உள்ளே விட்டு இறால் வளர்ப்பார்கள். நெல்லின் விளைச்சல் ஹெக்டேருக்கு 2 டன் அளவில்தான், மிச்சக் கணக்கை இறால் ஈடுகட்டும். பொக்காளி நெட்டையாக, வேகமாக வளர்வதும் அதன் தாங்குதிறனில் பாதி. ஏறிய சோடியம் பெரிய உடம்பில் பரவி நீர்த்துப்போகிறது. குட்டை ரகத்தில் அதே சோடியம் சின்ன உடம்பில் அடர்ந்துவிடும். பொக்காளியின் மரபணுவை மட்டும் குட்டை ரகத்தில் ஏற்றி, பொக்காளி அளவுக்குத் தாங்கவில்லையே என்று ஆதங்கப்படுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆக ரகம் சைலத்தைக் காவல் காக்கும். அந்தக் காவலுக்கு எல்லை உண்டு. இழுத்துப் பிடித்த சோடியத்தை வேர் எங்காவது வைத்தாக வேண்டுமே. மண்ணைக் குழையும்வரை நனைத்து வடித்தெடுக்கும் நிறைநிலைச் சாற்றில் இ.சி., அதாவது உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துத் திறன், மீட்டருக்கு 3 டெசிசைமன் வரை நெல் விளைச்சல் குறைவதில்லை. அதற்குமேல் ஒவ்வொரு அலகுக்கும் ஏறத்தாழ 12 சதவீதம் போகும் என்பது ஆய்வாளர்கள் மாஸ், ஹாஃப்மன் இருவரும் 1977இல் தொகுத்த கணக்கு. இ.சி. 7 என்றால் பாதி விளைச்சல் போயிற்று. நல்ல ரகம் இந்த வரம்பைக் கொஞ்சம் மேலே நகர்த்தும். வரம்பையே அழித்துவிடாது.

அடுத்து ஜிப்சம். இதில் தீர்ப்புச் சொல்வது எனக்கு எளிது, ஏனென்றால் எங்கள் வீட்டுக் காசு போயிருக்கிறது. களர் மண்ணில் களிமண் துகள்களை ஒட்டிக்கொண்டு சோடியம் இருக்கும். ஜிப்சத்தின் கால்சியம் அதை விரட்டி இடத்தைப் பிடிக்கும். விரட்டப்பட்ட சோடியம் சல்பேட்டாகக் கரைந்து, தண்ணீர் கட்டி வடித்தால் வெளியேறும். மண் பொலபொலக்கும், வேர் மூச்சுவிடும். வேரைச் சுற்றிக் கால்சியம் கூடுவதால் அந்தப் பேதம் பார்க்காத கால்வாய்களும் அடைபடும். பி.எச்., அதாவது கார அமில நிலை, 8.5க்கு மேல் நிற்கும் நிலத்தில் ஜிப்சத்தைத் தாண்டி வேறு எதையும் முதலில் யோசிக்கக் கூடாது என்பது என் கட்சி. மண் பரிசோதனை அறிக்கை சொல்லும் தேவையில் பாதியைப் போட்டு, நல்ல தண்ணீரில் சேறடித்து வடித்து, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் நெல்லின் மேல்வேர் மண்டலத்துக்குப் போதும். நெல்லுக்கு ஆழ வேர் இல்லாததில் இந்த ஒரு லாபம்.

உவர் நிலத்தில் கதை வேறு. அங்கே பி.எச். 8.5க்குக் கீழே, இ.சி. 4க்கு மேலே. கரைந்த உப்பு ஏற்கெனவே மிதமிஞ்சி நிற்கிறது, அதில் ஜிப்சமும் ஒரு உப்பாகப் போய்ச் சேரும். கடல் நீர் புகுந்து நின்ற நிலத்தை மழை கழுவிய பின்பு, களிமண் இறுகிக் களர்க் குணம் தலைகாட்டுவதுண்டு. அப்போது ஜிப்சத்துக்கு வேலை இருக்கிறது. அதுவும் கழுவுவதோடு சேர்த்துத்தான், கழுவுவதற்குப் பதிலாக இல்லை.

பரிசோதனை அறிக்கை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஆய்வகங்கள் பலவற்றில் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து இ.சி. பார்க்கிறார்கள். நான் மேலே சொன்ன 3, 4, 7 எல்லாம் நிறைநிலைச் சாற்றின் அளவுகள். கலக்கிய தண்ணீர் கூடுதல் என்பதால் ஆய்வக எண் பல மடங்கு குறைவாக வரும். அதில் 1.5 என்று பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினால் வயல் தூங்கவிடாது.

தண்ணீர் கட்டி வடிப்பதுதான் உவருக்கு அசல் வைத்தியம். ஒரு அடி ஆழ மண்ணுக்குள் ஏறத்தாழ ஒரு அடித் தண்ணீர் இறங்கிப்போனால் கரையும் உப்பில் பெரும்பகுதி கூடவே போகும். ஏக்கருக்கு அது 12 லட்சம் லிட்டருக்கு மேல். போர்வெல் தண்ணீரே உப்பாக இருக்கும் ஊரில் அவ்வளவு நல்ல தண்ணீரை யார் தருவார்? காவிரி கடைமடைக்கு வரும்போது மிச்சம்தான் வரும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் தரும், அதுவும் இலவசமாக. 2004 சுனாமியில் கடல் புகுந்த நாகை வயல்களை மீட்டதில் பெரும்பங்கு பின்னால் வந்த மழைக்கு உண்டு. செலவெல்லாம் வரப்பை உயர்த்துவதிலும் வடிகால் வெட்டுவதிலும்தான். வடிகால் இல்லாமல் தண்ணீர் மட்டும் கட்டினால் உப்பு கீழே இறங்கி ஒளிந்திருந்துவிட்டு, தை மாதம் வெயிலில் மண் காயக் காய மேலே ஏறி வந்துவிடும். சம்பா தாமதமானால் அந்த நேரம் பயிர் பூவில் நிற்கும். நெல்லின் இரண்டாவது பலவீனப் பருவமும் மண்ணின் உப்பு ஏறும் நாளும் ஒன்றாக வந்து சேரும்.

இதனால்தான் எங்கள் பக்கத்தில் ரகத்தின் பெயரைவிட அதன் வயதுக்கு நான் அதிக மதிப்புத் தருகிறேன். 155 நாளுக்கு மேல் போகும் சி.ஆர். 1009ஐப் புரட்டாசி கடைசியில் விதைத்தால் பூக்கும்போது மழை ஓய்ந்திருக்கும். 135 நாள் ரகம் மழை ஈரம் இருக்கும்போதே பூத்து முடிக்கும். உப்பைத் தாங்காத 135 நாள் ரகம், தாங்கும் நீண்டகால ரகத்தைவிட நல்ல பதில் தரும் வருடங்கள் உண்டு.

நாற்று பற்றிய யோசனைதான் நாலில் அதிகம் மதிக்கப்படாதது. நல்ல தண்ணீர், நல்ல மண் உள்ள மூலையில் நாற்றங்கால் விட்டு, 30 முதல் 35 நாள் ஆன நாற்றை நட்டால், மூன்றிலைப் பருவத்தின் கண்டம் வயலுக்கு வெளியிலேயே கழிந்துவிடும். வயது ஏற ஏற வேரின் மெழுகுப்பூச்சும் தடிக்கும், உடம்பும் பெரிதாகும். இடுக்கு ஒழுக்கும் குறையும், ஏறிய சோடியமும் நீர்த்துப்போகும். முற்றிய நாற்று தூர் குறைவாகக் கட்டும் என்பதால் குத்துக்கு நாலைந்து நாற்று வைத்து நெருக்கி நட வேண்டும். பிடுங்கும்போது வேர் அறுபடும், அறுந்த இடம் எல்லாம் திறந்த வாசல். நட்ட முதல் ஒரு வாரம் வயலில் மழைத் தண்ணீர் நின்றால் இந்தக் காயம் தெரியாது. உப்புத் தண்ணீர் நின்றால் செய்த செலவெல்லாம் வீண்.

நடவுக்கு ஆள் கூலி என்ன ஆகிறது என்று எனக்கும் தெரியும். நேரடி விதைப்புக்குப் போனவர்கள் சோம்பலில் போகவில்லை. அவர்களுக்கு நான் சொல்வது, மூன்று ஏக்கரில் உப்பு பூக்கும் அரை ஏக்கர் எது என்று வருடாவருடம் கண்ணால் பார்க்கிறீர்களே, அந்த அரை ஏக்கருக்கு மட்டும் நாற்று விடுங்கள்.

துணைக்குச் சில சில்லறைச் செலவுகள். வைக்கோலையும் உமிச்சாம்பலையும் வயலுக்கே திருப்புவது மலிவானது, அதில் உள்ள சிலிக்கான் வேரின் இடுக்குகளில் படிந்து ஒழுக்கைக் குறைக்கிறது. ஆய்வகத் தொட்டிகளில் இது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. வயலில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம், நட்டமும் இல்லை. பொட்டாஷைக் கூட்டிப் போட்டால் சோடியம் ஓடிவிடும் என்பது பாதி உண்மை. குறைவாக இருந்தால் கட்டாயம் ஈடு செய்ய வேண்டும். போதுமான அளவு இருக்கும்போது இன்னும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் குளோரைடு, கொட்டுவது, உவர் நிலத்தில் குளோரைடைக் கூட்டுவதாகத்தான் முடியும். களரில் துத்தநாகக் குறைக்கு ஜிங்க் சல்பேட்டை மறக்கக் கூடாது.

எங்கள் வயலுக்கு நான் போட்ட வரிசை இது. முதல் காசு வடிகாலுக்கு. இரண்டாவது, உப்பு பூக்கும் மூலைக்கு முற்றின நாற்று. மூன்றாவதுதான் ரகம், அதுவும் வயதைப் பார்த்து. ஜிப்சம் கிடையாது. இதையே திருச்சியை அடுத்த மணிகண்டம் பக்கம் நிலம் வைத்திருக்கும் சித்தப்பாவிடம் சொன்னால் தலைகீழாகத் திருப்ப வேண்டும். அவர் வயல் பி.எச். 9க்கு மேல். மழை பெய்தால் சேறு சோப்பு மாதிரி வழுக்கும், காய்ந்தால் மண்வெட்டி இறங்காது. அவருக்கு ஜிப்சம் முதலில், டி.ஆர்.ஒய் 3 அடுத்தது.

அப்பாவிடம் இதை விளக்கியபோது முழுதும் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு லோடு ஆட்டோ பேசி, கொட்டகையில் இறுகிக் கிடந்த மூட்டைகளை ஏற்றி அனுப்பினார். சித்தப்பா அவற்றைக் கடப்பாரையால் உடைத்துத்தான் வயலில் இறைக்க வேண்டியிருந்தது. “உங்கப்பன் அனுப்பிச்ச கல்லு நல்லா வேலை செய்யுது” என்று அடுத்த பொங்கலுக்கு வந்தபோது சொன்னார்.